கைவினைச் சந்தையில் கடை போடுவோருக்கு: பனை ஓலைப் பொருள்களை உரிய விலைக்கு விற்கும் முறை

பனை ஓலையில் பெட்டியும் கொட்டான் என்னும் சிறு கூடையும் விசிறியும் முடையத் தெரிந்த கைகள் தூத்துக்குடி, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டத்து ஊர்களில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகள் செய்யும் பொருளில் பெரும்பகுதி மொத்த வியாபாரிகள் வழியாகவே நகரத்துக்குப் போகிறது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலியை வாங்கிக்கொண்ட பிறகு, அதே பெட்டி சென்னையில் என்ன விலைக்கு விற்கிறது, அதை யார் எதற்காக வாங்குகிறார்கள் என்பது முடைந்தவருக்குத் தெரிய வழியில்லை. உள்ளூர்க் கைவினைச் சந்தை அந்த இடைவெளியைச் சில நாள்களுக்காவது மூடுகிறது. செய்தவரே விலை சொல்லவும், அந்த விலைக்கான காரணத்தை விளக்கவும் அங்கே இடம் கிடைக்கிறது. ஆகவே சரக்கைத் தேர்ந்தெடுப்பது முதல் கணக்கு முடிப்பது வரை ஒவ்வொரு வேலையையும், செலவழித்த உழைப்புக்கு உரிய விலை கிடைக்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். இங்கே பனை ஓலைப் பொருள்களை முன்வைத்து எழுதுகிறேன். மண், மூங்கில், சணல், துணி ஆகியவற்றில் வேலை செய்வோருக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

எந்தச் சந்தைக்குப் போவது

மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் தங்கள் மாவட்டத்து மகளிர் திட்ட அலுவலகம். கல்லூரி வளாகங்களில் நடக்கும் கல்லூரிச் சந்தை, மாவட்ட அளவிலான கண்காட்சிகள், பிற மாநிலங்களில் சுய உதவிக் குழுக்களின் பொருள்களுக்காக நடக்கும் சரஸ் கண்காட்சி ஆகியவற்றுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் வேலை அந்த அலுவலகத்தின் வழியாக நடக்கிறது. குழுவில் இல்லாத தனிக் கைவினைஞர்கள், மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் வழங்கும் பெஹ்சான் அடையாள அட்டையைப் பெற்றுக்கொள்வது நல்லது; அந்த அலுவலகத்தின் உதவியோடு நடக்கும் சந்தைகளில் இடம் கேட்பதற்கு இது பயன்படும். பூம்புகார் என்று எல்லோரும் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் கண்காட்சிகள் நடத்துகிறது. இவை தவிர, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், பள்ளிகள், இயற்கை விளைபொருள் சந்தை நடத்தும் குழுக்கள் ஆகியவை ஒரு நாள், இரண்டு நாள் சந்தைகளை அடிக்கடி நடத்துகின்றன. முதன்முறை கடை போடுபவர் இத்தகைய சிறிய உள்ளூர்ச் சந்தையில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பத்து நாள் கண்காட்சியில் மூன்றாம் நாளே சரக்கு தீர்ந்துபோனாலும் சிக்கல், ஒன்றுமே விற்காமல் மிச்ச நாள்களை உட்கார்ந்து கழிக்க நேர்ந்தாலும் சிக்கல்.

கூட்டத்தை மட்டும் பார்த்துச் சந்தையை முடிவு செய்யக் கூடாது. மதுரைச் சித்திரைப் பொருட்காட்சி, சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி போன்றவற்றுக்குத் திரளாக வருகிறவர்களில் பலர் குழந்தைகளை இராட்டினத்தில் ஏற்றவும், அப்பளமும் பஜ்ஜியும் சாப்பிடவும் வருகிறவர்கள். அங்கே 50 ரூபாய்க் கிலுகிலுப்பை விற்கும். 800 ரூபாய் மூடிப் பெட்டிக்கு ஆள் கிடைப்பது கடினம். சென்ற ஆண்டு அதே சந்தையில் கடை போட்ட இருவரையாவது தேடிப் பிடித்து, எந்த விலைப் பொருள் விற்றது என்று கேட்டறியுங்கள். அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை வேறு: கூரை மழை தாங்குமா, மின்சாரம் வாடகையில் சேர்ந்ததா, இரவில் சரக்குக்குக் காவல் உண்டா, இதே பொருளுக்கு வேறு எத்தனை கடைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், கழிப்பறை எங்கே, வெளியூர்ப் பெண்கள் தங்க ஏற்பாடு உண்டா. கடைசி இரண்டையும் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். காலை முதல் இரவு வரை நிற்கப்போகும் ஒருவருக்கு இவை அடிப்படைத் தேவைகள் என்பதால் வாடகை கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, நவராத்திரி தொடங்கித் தை மாதம் வரை ஓலைப் பொருளுக்கு நல்ல பருவம். நவராத்திரியில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கச் சிறு கொட்டான்களைத் தேடுவார்கள். மார்கழியில் வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் ஊருக்கு வருவார்கள். வடகிழக்குப் பருவமழையும் இதே மாதங்களில்தான் பெய்கிறது என்பதால், ஈரத்துக்கு அஞ்சும் ஓலையை எப்படிக் காப்பது என்ற திட்டமும் கூடவே வேண்டும்.

விலையைக் கணக்கிடுதல்

பக்கத்துக் கடைக்காரர் என்ன விலை வைத்திருக்கிறார் என்று பார்த்து, அதில் பத்து ரூபாய் குறைத்து வைப்பதே சந்தைகளில் நான் அதிகம் காணும் பழக்கம். அப்படி வைத்த விலையில் ஓலைக் காசு திரும்பி வரலாம், உழைப்புக்கு என்ன கிடைத்தது என்பது கடைசி வரை தெரியாது. கணக்கை எப்போதும் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓலையைக் கிழித்து வாருவது, சாயம் காய்ச்சித் தோய்ப்பது, உலர்த்துவது, முடைவது, விளிம்பு கட்டுவது என்று ஒரு பொருளுக்கு ஆகும் நேரம் முழுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். முடையும் நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுபவர்களே அதிகம். சாயம் தோய்ப்பது போல் பல பொருள்களுக்கு ஒன்றாகச் செய்யும் வேலையை, அந்தத் தொகுதியில் உள்ள பொருள்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு நடுத்தரக் கொட்டானுக்கு ஓலையும் சாயமுமாக 40 ரூபாய் ஆகிறது என்றும், எல்லா வேலையும் சேர்த்து 3 மணி நேரம் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் உழைப்புக்கு 180 ரூபாய். கழித்துப்போடும் ஓலைக்கும், தேறாமல் போகும் பொருளுக்கும் 10 ரூபாய். சந்தைக்கு வாடகை 2,000, வண்டி 1,500, சாப்பாடும் பிற செலவும் 500 என மொத்தம் 4,000 ரூபாய் செலவாகி, 80 பொருள் விற்கும் என்று எதிர்பார்த்தால், ஒரு பொருளின் தலையில் 50 ரூபாய் விழுகிறது. ஆக 280 ரூபாய் என்பது அடக்க விலை. அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 56 ரூபாய் சேர்த்தால் 336. அதை 340 என்று வைக்கலாம். இந்தச் சேர்ப்பு பேராசை அல்ல. விற்காமல் திரும்பும் பொருளையும், வேலை நடக்காத மழை நாள்களையும், அடுத்த பருவத்துக்கு ஓலை வாங்கும் முதலையும் தாங்குவது அந்த 56 ரூபாய்தான்.

மணிக்கு 60 ரூபாய் என்பது எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய் ஆகிறது. வீட்டில் இருந்தபடி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலைதானே என்று இதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் பலர், அதிலும் பெண்கள் அதிகம். வேலை எந்தத் திண்ணையில் நடந்தது என்பதற்காக வாங்குபவருக்குக் கிடைக்கும் பெட்டி மட்டமாகிவிடுவதில்லை. கூலியும் மட்டமாகத் தேவையில்லை. 340 ரூபாய்க்கு அந்தச் சந்தையில் விற்காது என்று தோன்றினால், கூலியில் கை வைப்பதற்கு முன் வேறு வழிகளைப் பாருங்கள். இரண்டு சாய வரிசையை ஒன்றாக்கினால் அரை மணி நேரம் மிச்சமாகலாம். அளவைச் சற்றுக் குறைக்கலாம். இந்த இரண்டுக்கும் இடமில்லாத நுணுக்கமான பொருளாக இருந்தால், அதை வேறு சந்தைக்குக் கொண்டுபோவதே சரி.

கைவினைக் கடை எதற்காவது ஏற்கெனவே சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்தக் கடையின் சில்லறை விலைக்கு மிகவும் கீழே சந்தையில் விற்காதீர்கள். கடைக்காரர் அடுத்த முறை வாங்கத் தயங்குவார். வாடிக்கையாளரும் உண்மையான விலை குறைந்த விலைதான் என்று எண்ணிக்கொள்வார்.

எதை, எவ்வளவு கொண்டுபோவது

மூன்று விலைத் தட்டுகளில் சரக்கு இருந்தால் பல வகையான வாடிக்கையாளருக்கும் ஏதேனும் ஒன்று பொருந்தும். புத்தகக் குறி, சாவிக் கொத்து, கிலுகிலுப்பை போன்றவை 100 ரூபாய்க்குள் இருக்கட்டும். கொட்டான், பென்சில் பெட்டி, விசிறி, சிறு பை ஆகியவை 150 முதல் 400 ரூபாய்க்குள் வரும். வருமானத்தின் முதுகெலும்பு இந்தத் தட்டுதான் என்பதால் சரக்கில் பாதிக்கு மேல் இதுவாகவே இருக்க வேண்டும். உங்கள் கைத்திறன் முழுவதையும் காட்டுகிற பெரிய மூடிப் பெட்டிகள் மூன்று நான்கு போதும். அவை விற்காமல் திரும்பினாலும், கடையைக் கடந்து போகிறவரை நிறுத்தும் வேலையைச் செய்துவிடும். மொத்தத்தில், விற்கும் என்று எதிர்பார்க்கும் அளவைப் போல இரண்டு மடங்கு சரக்கு கைவசம் இருப்பது நல்லது; கடைசி நாளில் காலித் தட்டுகள் தெரிந்தால் மிச்சம் இருப்பதைக் கழிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் கையால் தடவிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓலை முனை வாங்குபவரின் விரலைக் கிழிக்கும். மூடி இறுக்கமாகவும் இல்லாமல் தளர்ச்சியாகவும் இல்லாமல் உட்கார வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் சாயத்தின் மேல் ஒருமுறை அழுத்தித் துடைத்தால், சாயம் விடுகிறதா என்பது தெரிந்துவிடும். விடுகிற பொருளைப் பட்டுப்புடைவையோடு தூக்கிப் போகும் ஒருவருக்கு விற்றால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். உட்புற மூலைகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, நிழலில் நன்றாக உலர்த்தி, பெரியதற்குள் சிறியதாக அடுக்கிக் கட்டினால் பாதி இடம் மிச்சமாகும். மண் பொம்மைக்காரர்களுக்கு வைக்கோலும் கூடுதல் பெட்டியும் தேவைப்படும் இடத்தில், ஓலைக்காரர்களுக்கு ஒரு தார்ப்பாய் போதும். எடை குறைவு என்பது இந்தத் தொழிலுக்கு வாய்த்த பெரிய வசதி.

ஒவ்வொரு பொருளிலும் சிறு அட்டை ஒன்றைக் கட்டுங்கள். விலை, செய்த ஊர், தொடர்பு எண், பராமரிக்கும் முறை ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். ஊர்ப் பெயரை எழுதும்போது கவனம் வேண்டும். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பகுதிக்கே உரிய பொருளின் பெயரைக் காக்கும் சட்டப் பதிவு, பெற்ற பொருள். வேறு ஊரில் முடைந்த கொட்டானுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது சட்டப்படி தவறு, அங்கே முடைபவர்களுக்குச் செய்யும் அநீதியும் ஆகும். உங்கள் ஊரின் பெயரையே எழுதுங்கள். செயற்கைச் சாயம் பயன்படுத்தியிருந்தால் இயற்கைச் சாயம் என்று எழுத வேண்டாம்.

கடையை அமைத்தல்

ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் தருவார்கள். மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்தால் நடந்து போகிறவருக்கு ஓலையின் விளிம்புதான் தெரியும். பொருள் அவருடைய கண் உயரத்துக்கு வர வேண்டும். வீட்டில் மடக்குக் கொலுப்படி இருந்தால் அதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை. இல்லாவிட்டால் அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே துணி விரித்துக்கொள்ளலாம். சாயமிடாத ஓலை வெளிர் நிறம் என்பதால் கருநீலம், அரக்குச் சிவப்பு போன்ற அடர்ந்த நிறத் துணி பொருந்தும்; பூப்போட்ட துணி முடைச்சலின் அழகை மறைத்துவிடும். நேர் வெயில் படும் இடத்தில் நாள் முழுவதும் வைத்தால் சாயம் வெளுக்கும், காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். விளக்கும் நீட்டிப்புக் கம்பியும் கயிறும் கத்தரியும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

விலை எல்லாப் பொருளிலும் தெரியும்படி இருக்கட்டும். விலையைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுகிறார்கள்.

விற்பனைக்கு மிக உதவுவது எது என்று கேட்டால், கடையில் உட்கார்ந்து முடைவதுதான் என்று சொல்வேன். பாதி முடைந்த பெட்டி ஒன்றைக் கையில் வைத்து வேலையைத் தொடர்ந்தால் குழந்தைகள் நிற்பார்கள், அவர்களோடு பெற்றோரும் நிற்பார்கள். ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அவர்களே கண்ணால் பார்த்த பிறகு, 340 ரூபாய் ஏன் என்று விளக்கும் தேவை பெருமளவு குறைந்துவிடும். வருகிறவர்களிடம் பேசுவதற்கு ஒருவரும் முடைவதற்கு ஒருவருமாக இரண்டு பேர் போவது இதனால்தான் நல்லது.

போணியும் பேரமும்

காலையில் முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற போணி வழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. வாங்குகிறவர்களில் சிலர் அதைத் தெரிந்துகொண்டே, பெரிய பெட்டியைக் கையில் எடுத்துப் பாதி விலைக்குக் கேட்பார்கள். வழக்கத்தையும் விடாமல் நட்டமும் படாமல் இருக்க, சிறு விலைப் பொருள் சிலவற்றைப் போணிக்கென்றே முன்னால் வையுங்கள். “போணி நேரம், உங்களுக்காக இதில் பத்து ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்” என்று ஒரு புத்தகக் குறியையோ கிலுகிலுப்பையையோ கொடுத்தால் இரு தரப்புக்கும் மனநிறைவு கிடைக்கும்.

மற்ற நேரத்தில், “கடைசி விலை என்னம்மா?” என்ற கேள்வி வரும்போது உடனே குறைத்துச் சொல்லிவிட்டால், முதலில் சொன்ன விலை பொய் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அட்டையில் எழுதியதே விலை என்று அமைதியாகச் சொல்லி, அதற்கு ஆகும் மூன்று மணி நேர வேலையை விளக்குங்கள். இரண்டோ மூன்றோ வாங்குகிறவருக்குக் குறைத்துக் கொடுப்பதில் தவறில்லை. ஒரே கட்டாகக் கட்டும் வேலையும் பேசும் நேரமும் மிச்சமாவதால் அந்தக் குறைப்புக்குக் காரணம் இருக்கிறது. எவ்வளவு குறைக்கலாம் என்பதை முந்தின இரவே முடிவு செய்து, கடையில் நிற்கும் இருவரும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். அக்கா ஒரு விலையும் தங்கை ஒரு விலையும் சொன்னால் அன்றைய பேரம் முழுவதும் கெட்டுவிடும். இயந்திரத்தில் செய்த பொருளைப் பக்கத்தில் யாராவது மலிவாக விற்றால், அவரைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் பொருளின் விளிம்பையும் அடிப்பகுதியையும் திருப்பிக் காட்டுவது போதும்.

மாலையில் கூட்டம் குறையும்போது, தூக்கிச் சுமப்பதைவிடக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். அடக்க விலையாகக் கணக்கிட்ட 280 ரூபாய்க்குக் கீழே போகாதீர்கள். ஓலைப் பொருள் ஓராண்டு காத்திருந்தாலும் கெட்டுப்போவதில்லை. கடைசி மணி நேரத்துக்காகக் காத்திருந்து வாங்கும் பழக்கத்தை வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், அடுத்த சந்தையில் பகல் முழுவதும் விற்பனை இருக்காது.

முன்பதிவுகள்

சந்தையின் உண்மையான ஆதாயம் பல நேரங்களில் அன்றைய கல்லாவில் இருப்பதில்லை. மகளின் கல்யாணத்துக்கோ மருமகளின் வளைகாப்புக்கோ தாம்பூலம் வைத்துக் கொடுக்க 200 கொட்டான் கிடைக்குமா என்று கேட்கும் ஒருவர், இரண்டு நாள் விற்பனையை மிஞ்சிய வேலையைத் தந்துவிடுவார். இந்தக் கேள்விக்கு ஆயத்தமாக ஒரு பதிவேட்டை வைத்திருங்கள். எண்ணிக்கை, அளவு, நிறம், விழா நாள், பொருள் சேர வேண்டிய நாள், அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றை அவர் முன்னாலேயே எழுதி, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பது முறையானதே; ஓலையும் சாயமும் வாங்க அது தேவை, விழா தள்ளிப்போனால் உங்களைக் காப்பதும் அதுதான்.

ஒப்புக்கொள்வதற்கு முன் கணக்குப் போட வேண்டும். ஒன்றுக்கு 3 மணி நேரம் என்றால் 200 கொட்டானுக்கு 600 மணி நேரம். ஐந்து பேர் நாளுக்கு ஆறு மணி நேரம் முடைந்தால் 20 நாள். மழைக்கும் காய்ச்சலுக்கும் ஒரு வாரம் சேர்த்துச் சொல்லுங்கள். முடியாத தேதிக்கு ஒப்புக்கொள்வதைவிட, 120 மட்டுமே தர முடியும் என்று சொல்வதைக் கல்யாண வீட்டார் மதிப்பார்கள். மொத்தமாக வாங்குகிறவருக்குச் சந்தைச் செலவான 50 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்தப் பொருளுக்கு அந்தச் செலவு இல்லை. கூலியைக் கழிக்க இடமில்லை.

பணமும் வரியும்

இன்று பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பணம் செலுத்துகிறார்கள். க்யூஆர் அட்டையை இரண்டு இடங்களில் நிமிர்த்தி வையுங்கள். பணம் வந்ததை வாடிக்கையாளரின் திரையில் பார்த்து உறுதி செய்யாமல், உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்தியிலோ ஒலிபெருக்கிக் கருவியிலோ உறுதி செய்யுங்கள். திடலில் சிக்னல் கிடைக்காத நேரங்களுக்காக 10, 20, 50 ரூபாய்த் தாள்களில் போதிய சில்லறை இருக்கட்டும். பணப்பை இடுப்பில் இருக்கட்டும், மேசை மேல் வேண்டாம்.

ஜி.எஸ்.டி. (சரக்கு, சேவை வரி) பற்றிய அச்சம் பலரைத் தயங்க வைக்கிறது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. வெளிமாநிலச் சந்தைக்குப் போகும்போதும், அரசு பட்டியலிட்டுள்ள கைவினைப் பொருள்களுக்கு ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரை பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பான் எண்ணும், சரக்கைக் கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் இ-வே பில் என்ற சீட்டும் வேண்டும். பதிவு பெறாதவர் ரசீதில் வரி என்று எதையும் வசூலிக்கக் கூடாது.

கட்டிக் கொடுக்கத் துணிப்பையையோ காகிதத்தையோ பயன்படுத்துங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. ஓலைப் பெட்டியை நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்தால், அதை எதற்காக வாங்கினாரோ அந்தக் காரணத்தையே கெடுத்ததாகவும் ஆகும்.

சந்தை முடிந்த பிறகு

ஒவ்வொரு இரவும், அலுப்பு எவ்வளவு இருந்தாலும், என்ன விற்றது, எந்த விலைக்கு விற்றது, என்ன கேட்டு இல்லை என்று அனுப்பினோம் என்பதை எழுதிவிடுங்கள். இல்லை என்று அனுப்பியவற்றின் பட்டியல்தான் அடுத்த மாதம் என்ன முடைய வேண்டும் என்பதைச் சொல்லும். எண் கொடுத்துவிட்டுப் போனவர்களை ஒரு வாரத்துக்குள் அழைத்துப் பேசுங்கள். திரும்பி வந்த பொருளைத் தூசு தட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்திய பிறகே பரணில் ஏற்றுங்கள்.

அதன் பின் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. மொத்த விற்பனையிலிருந்து, விற்ற பொருளுக்கான ஓலை, சாயச் செலவையும் சந்தைச் செலவையும் கழித்து, வரும் தொகையை அந்தப் பொருள்களை முடைந்த நேரத்தோடு கடையில் நின்ற நேரத்தையும் கூட்டி வகுத்துப் பாருங்கள். விலையைக் கணக்கிடும்போது கடையில் நிற்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை. ஆகவே இந்த வகுத்தலில்தான் அது வெளிப்படும். விடை 60 ரூபாய்க்கு மிகவும் கீழே வந்தால், அதே சந்தைக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பம் போடுவதற்கு முன் விலையை உயர்த்துவதா, குறைந்த நேரத்தில் முடையும் வடிவத்துக்கு மாறுவதா, அந்தச் சந்தையையே விடுவதா என்று குழுவில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.